ஒன்றரை மில்லிமீட்டர்

பெட்ரோல் பங்க்கில் காபிக்கு வரிசையில் நின்றிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கையுறை, பேட்டரி, கார் கண்ணாடியில் பனி சுரண்டும் தகடு எல்லாம் தொங்கும் கம்பி ஸ்டாண்டில் புதிதாக ஒரு வரிசை அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பில்க்கி, அதாவது உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிற சின்ன உலோகத் தகடு. ஒவ்வொரு தகட்டுக்கும் மேலே படத்தில் ஓய்வா தார்வைனன் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு கிலோ தேறும் பெர்ச் மீன். அடியில் கொட்டை எழுத்தில், "ஓய்வாவின் பில்க்கி. முப்பது வருட அனுபவத்தில் பிறந்த கண்டுபிடிப்பு."

ஒரு அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். இருபத்தெட்டு மில்லிமீட்டர் நீளம். முன்பக்கம் பித்தளை, பின்பக்கம் செம்பு. கீழே மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி, அதில் முள், முள்ளின் கழுத்தில் சிவப்புப் பொட்டு. மேலே தூண்டில் நரம்பு கட்டும் துளை நடுவில் இல்லை. இடது பக்கம் தள்ளியிருந்தது. எவ்வளவு தள்ளி என்று அளக்க எனக்கு வெர்னியர் வேண்டியதில்லை. ஒன்றரை மில்லிமீட்டர்.

"காபி மட்டும்தானா?" என்று கல்லாவில் இருந்த பெண் கேட்டாள்.

"இந்தத் திருட்டையும் சேத்துக்கோ," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. காபியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

என் பெயர் தைமி ஹூஸ்கொனன். காகித ஆலையின் பழுதுபார்க்கும் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். இருபத்தாறு வருடமாகிறது. உலோகம் என் கை சொன்னபடி கேட்கும், மனிதர்களைப் போல அல்ல. ஆறு வருடத்துக்கு முன்னால், கடையில் வாங்கிய பில்க்கிகள் எதுவும் பிடிக்காமல், நானே செய்ய ஆரம்பித்தேன். பித்தளையையும் செம்பையும் ஈயம் வைத்து ஒட்டி, அரத்தால் ராவி, சமையலறை மேஜையில். முதல் நாற்பது தகடுகளில் ஒன்றும் உருப்படவில்லை. நாற்பத்தோராவதைத் துளைக்கும்போது பிட் வழுக்கித் துளை ஓரமாகப் போய்விட்டது. சீ என்று பிஸ்கட் டப்பாவில் போட்டேன். ஒரு சனிக்கிழமை மற்றதெல்லாம் பாறையில் மாட்டி அறுந்துபோக, வேறு வழியில்லாமல் அதைக் கட்டி இறக்கினேன். அன்று பத்தொன்பது பெர்ச். பக்கத்துத் துளையில் உட்கார்ந்திருந்த ஓய்வாவுக்கு இரண்டு.

ஓய்வா என் மீன்பிடித் தோழன். பதினாலு குளிர்காலம் ஒரே காரில் போயிருக்கிறோம். அவன் ஓட்டுவான், நான் காபி கொண்டுபோவேன். ஊர் மீன்பிடிச் சங்கத்துக்கு அவன்தான் தலைவர். எல்லோருக்கும் பிடித்தவன். எனக்கும் பிடித்தவன்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவன் ஆர்வி சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். அட்டையை அவன் முன்னால் எறிந்தேன்.

கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிப் பார்த்தான். "அட, கடைக்கே வந்துடுச்சா! சும்மா ஒண்ணு செஞ்சு பாக்கறேன்னுதானே எங்கிட்ட சொன்னான்?"

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினேன்.

"என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

ஆர்விக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தியை மெதுவாகக் கீழே வைத்தான். "செப்டம்பர்ல வந்தான். நீ ஷிஃப்ட்ல இருந்த. தன்னோட பில்க்கி அறுந்துபோச்சு, ஒண்ணு குடுன்னான். டப்பாவுல இருந்து எடுத்துக் குடுத்தேன். அப்புறம் உன் நோட்ட கொஞ்சம் பாக்கட்டுமான்னு..."

"நோட்டையா?"

"போன்ல ரெண்டு படம் எடுத்தான். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"உன் ஃப்ரெண்டு தைமி அவன்! பதினாலு வருஷமா நம்ம வீட்டு நீராவிக் குளியல்ல வந்து குளிக்கிறவன். அவன்கிட்ட எப்படி இல்லேன்னு சொல்றது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"மறந்துட்டேன்."

மறந்துவிட்டானாம். அந்த நோட்டில் ஒவ்வொரு தகட்டின் எடை, வளைவு, எந்த ஆழத்தில் எப்படி விழுந்தது, எத்தனை மீன் கடித்தது, எத்தனை தப்பியது என்று தேதி போட்டு எழுதியிருக்கிறேன். இந்த மனிதன் அதை, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்துக் கொடுப்பதுபோல் கொடுத்திருக்கிறான். அன்று அவன் உருளைக்கிழங்கைத் தனியாகச் சாப்பிட்டான்.

ஓய்வாவுக்கு ஏழு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எட்டாவது தடவை ஒரு செய்தி வந்தது: "சங்கத்து மீன்பிடிப் போட்டி வேலையில பிஸி. ஞாயித்துக்கிழமை ஏரியில பாக்கலாம்!" பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை கைத்தா ஏரியில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். மார்ச் கடைசி. வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. கீழே அரை மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி. கரையில் பட்டாணி சூப் கொதிக்கும் அண்டாக்கள், அவற்றுக்குப் பக்கத்தில் ஓய்வாவின் பில்க்கியைத் தயாரிக்கும் கம்பெனியின் நீலக் கொடி. கொடியின் கீழே கையில் மைக்கோடு ஓய்வா. விசில் ஊதுவதற்கு முன்னால், கம்பெனி சார்பில், "புதிய பில்க்கியைப் பயன்படுத்தும் முறை" பற்றி அவன் பேசப்போவதாக நிகழ்ச்சித் தாளில் அச்சடித்திருந்தார்கள்.

முதலில் நான் கூட்டத்தின் பின்னால்தான் நின்றேன். போட்டி முடியட்டும், தனியாகக் கேட்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"பில்க்கிய அடிவரைக்கும் விடுங்க," என்றான் ஓய்வா. "தரையில ஒரு தட்டுத் தட்டி சேத்தக் கிளப்புங்க. பெர்ச்சுக்கு வேடிக்கை பாக்கற புத்தி, என்னடா தூசின்னு கிட்ட வரும். ஒரு சாண் தூக்கி நிறுத்துங்க. மூச்சுகூட விடாதீங்க. அங்கேருந்து மேல தூக்கறதுலதான் விஷயமே இருக்கு. எப்படித் தூக்கணும் தெரியுமா? தூங்கற புருஷன் மேலேருந்து பொண்டாட்டி போர்வைய உருவற மாதிரி! அவன் முழிச்சுக்கக் கூடாது, ஆனா போர்வை வந்தாகணும்!"

முந்நூறு பேரும் சிரித்தார்கள்.

அந்த வாக்கியம் என்னுடையது. நாலு குளிர்காலத்துக்கு முன்னால், அவன் காரில், ஆர்வியின் குறட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு போகும்போது நான் சொன்னது. ஓய்வா அன்று சிரித்த சிரிப்பில் காரை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. தகட்டை எடுத்துக்கொண்டான், நோட்டை எடுத்துக்கொண்டான். வாயிலிருந்து வந்த சொல்லைக்கூட விடவில்லை.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"ஓய்வா, ஒரு கேள்வி."

"வா வா தைமி! நம்ம சங்கத்து மகாராணி வந்தாச்சு!" என்றான் மைக்கில். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"துளை ஏன் நடுவுல இல்ல?"

"அதுவா... நரம்பு தேயாம இருக்கறதுக்கு."

"தப்பு. தகடு காஞ்ச இலை மாதிரி ஒரு பக்கமா சறுக்கிக்கிட்டே எறங்கறதுக்கு. அப்படி எறங்கினாத்தான் தூரத்துல இருக்கற மீனுக்கு மினுக்கு தெரியும். தூக்கும்போது துள்ளாம, நடுங்கும். சரி, சங்கிலியில ஏன் மூணு கண்ணி?"

"மூணு ராசியான நம்பர் இல்லையா?" நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"ரெண்டு இருந்தா மீன் தலைய ஆட்டி முள்ளத் துப்பிடும். நாலு இருந்தா முள் போய் நரம்புல சுத்திக்கும். அதத் தெரிஞ்சுக்க எனக்கு ஒரு குளிர்காலம் பூரா ஆச்சு. நீ பக்கத்துல உக்காந்து என் காபியக் குடிச்சுக்கிட்டிருந்த."

அவன் மைக்கைக் கையால் பொத்தினான். "தைமி, இங்க வேணாம். வீட்ல பேசிக்கலாம்."

"மைக்க மூடாத. மூடினா நான் கத்துவேன். எனக்கு ஆலை சத்தத்துல கத்திப் பழக்கம்."

"நான் உங்கிட்ட ரெண்டு தடவ கேட்டேனா இல்லையா? இத ஒரு கம்பெனியில குடுத்துச் செய்யலாம்னு? நீ சிரிச்ச!"

"சிரிச்சா சரின்னு அர்த்தமா?"

"வேணாம்னும் சொல்லலியே! உங்கிட்ட இருந்திருந்தா அது பிஸ்கட் டப்பாவுலயே களிம்பு புடிச்சுக் கெடந்திருக்கும். நான் வெளிய கொண்டுவந்தேன். நாடு முழுக்க ஜனங்க மீன் பிடிக்கறாங்க. யாரு செஞ்சதுன்னு மீனுக்குத் தெரியவா போகுது?"

"மீனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

யாராவது வாய் திறப்பார்கள் என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் என்னுடைய தகட்டை ஆறு வருடமாகப் பார்த்தவர்கள். "எங்கே வாங்கின தைமி?" என்று கேட்டவர்கள். "வாங்கல, செஞ்சேன்" என்ற பதிலையும் கேட்டவர்கள். ஒருவன் தன் பூட்ஸைப் பார்த்தான். இன்னொருவன் பனிக்கட்டியைத் துளைக்கும் திருகின் உறையைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். எங்கள் ஊரில் யாரும் சண்டைக்குள் தலை நீட்ட மாட்டார்கள். அதை அடக்கம் என்று வேறு சொல்லிக்கொள்வோம்.

நடுவர் தொண்டையைச் செருமினார். "விசிலுக்கு நாலு நிமிஷம் இருக்கு."

அவ்வளவுதான். முந்நூறு பேரும் திரும்பி நடந்தார்கள்.

போட்டி நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும். பில்க்கிக்குத் தேவை சும்மா இருக்கத் தெரிந்த கை. தகட்டை ஆட்டும்போது பெர்ச் கிட்ட வரும், பார்க்கும். நிறுத்தினால்தான் கடிக்கும். அந்த நிறுத்தத்தில் தூண்டில் கோலின் நுனி ஒரு மயிரிழை தாழும். அதைப் பார்த்த பிறகு மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும். அன்று என்னால் ஒரு மூச்சு நேரம்கூட நிறுத்த முடியவில்லை. கோல் நடுங்கிக்கொண்டே இருந்தது. கடித்த மீன்களையும் வெடுக்கென்று இழுத்து உதடு கிழிய விட்டேன். நல்ல கனமான ஒன்று, எழுநூறு கிராமாவது இருக்கும், துளையின் விளிம்புவரை வந்தது. பச்சை உடம்பையும் கறுப்புப் பட்டைகளையும் பார்த்துவிட்டேன். கையை விட்டு அள்ளுவதற்குள் நரம்பை இழுத்துத் தொலைத்தேன். முள் கழன்றது. மீன் ஒரு கணம் அங்கேயே நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

இருபத்திமூன்று துளை போட்டேன். கிடைத்தது எண்ணூறு கிராம். ஓய்வா ஐந்தரைக் கிலோ எடுத்து நாலாவதாக வந்தான், என் தகட்டை வைத்துக்கொண்டு. என்னால் ஒன்றை மட்டும் மறுக்க முடியவில்லை. இயந்திரத்தில் செய்த அந்தத் தகடு நன்றாகவே வேலை செய்தது. என் கையால் ராவியதைவிட விளிம்பு சீராகக்கூட இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

சூப் வரிசையில் மிர்யா என் பின்னால் வந்து நின்றாள். தபால் அலுவலகத்தில் வேலை செய்தவள், என்னோடு பத்து வருடமாகப் போட்டிகளுக்கு வருகிறவள்.

"நீ சொன்னது சரிதான்," என்று முணுமுணுத்தாள். "எல்லாருக்கும் தெரியும், அது உன்னோடதுன்னு."

"தெரிஞ்சா அங்கயே வாயத் தொறந்திருக்கலாமே?"

"எல்லார் முன்னாடியும் எப்படி..."

"எல்லார் முன்னாடியும்தானே அவன் திருடறான்?"

அவள் முகம் சிவந்தது. சூப்பு வாங்காமலே போய்விட்டாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனதும், உணவு இடைவேளையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பில்க்கியை வரைந்தேன். ஆலையில் எந்திர பாகங்களுக்கு வரைவதுபோலவே: மூன்று பக்கத் தோற்றம், அளவுகள், உலோகத்தின் கனம், எந்த வெப்பத்தில் ஈயம் வைப்பது, வளைவு எங்கே தொடங்குகிறது, துளை ஏன் தள்ளியிருக்கிறது, சங்கிலியில் ஏன் மூன்று கண்ணி என்று எல்லாம். மூலையில் கட்டம் போட்டு, "வரைந்தவர்: தைமி ஹூஸ்கொனன்" என்று எழுதி, நோட்டின் முதல் பக்கத்துத் தேதியைப் போட்டேன். ஐம்பது பிரதி எடுத்தேன். அவன் ஒருவன் பெயரில் விற்கிறானா, அதை எல்லோருடையதாகவும் ஆக்கிவிடுகிறேன். இதில் தாராள மனசு ஒன்றும் இல்லை. அவ்வளவும் ஆத்திரம்.

சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒன்றைக் குத்தினேன். மறுநாள் காணோம். மறுபடி குத்தினேன். மறுபடி காணோம். மூன்றாவது தடவை ஓய்வாவே அங்கே நின்றிருந்தான், கையில் என் தாள்.

"இது சங்கத்துப் பலகை தைமி. தலைவர் அனுமதி வேணும்."

"என் நோட்டப் படம் எடுக்க யாரு அனுமதி வாங்கின?"

"சின்னப்புள்ள மாதிரி பண்ணாத."

"சின்னப்புள்ளைங்க திருடினா மாட்டிக்கிட்டதும் அழும். நீ அதுகூடப் பண்ணல."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். நான் நேராக நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் தாளை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு மீன் என்றாலே ஆகாதாம். ஆனால், "வரைபடம் சுத்தமா இருக்கு," என்று சொல்லிக் கண்ணாடிக் கதவு போட்ட பலகைக்குள் வைத்துப் பூட்டினாள்.

தகடு செய்யச் சொல்லிக்கொடுப்பதற்காக, மக்கள் கல்வி நிலையத்தின் உலோகப் பட்டறையை வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எனக்குத் தந்தார்கள். ஆறு பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். இருபத்திமூன்று பேர் வந்தார்கள். பாதி பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். போட்டியன்று தலை குனிந்து நின்றவர்கள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் சொல்லிக்கொடுத்தேன்.

"அரத்த முன்னாடி மட்டும் தள்ளு! அதென்ன, ரொட்டிக்கு வெண்ணெய் தடவறியா?"

"துளை நடுவுல போட்டுட்டேன் தைமி."

"அப்ப அத காதுல மாட்டிக்கோ. வேற தகடு எடு."

கடைசி மேஜையில் மிர்யா. அவள் வந்ததை நான் கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தேன். தன் தகட்டை முடித்து, என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். துளை சரியான இடத்தில் இருந்தது. பிறகு பட்டறை முழுக்கக் கேட்கும்படி, "அன்னிக்கு நான் பேசியிருக்கணும்," என்றாள். அரம் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. "பரவாயில்ல" என்று என்னால் சொல்ல முடியவில்லை. "ஆமா, பேசியிருக்கணும்," என்றேன். "விளிம்ப இன்னும் கொஞ்சம் ராவு." அவள் போய் ராவினாள்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து நிக்கலாஸ் என்ற ஒருவர் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"எங்க தயாரிப்போட அளவுகள நீங்க இலவசமா பரப்பறதா கேள்விப்பட்டோம்..."

"உங்க தயாரிப்பா?"

"திரு. தார்வைனன் எங்களுக்கு எழுத்துல குடுத்திருக்கார், இது அவரோட சொந்த வடிவம்னு."

"எங்கிட்டயும் எழுத்துல இருக்கு. ஆறு வருஷம், தேதி போட்டு. வழக்குப் போடுங்க. நான் நோட்டோட வரேன். தயவுசெஞ்சு போடுங்க."

மேலிடத்தில் பேசிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடவில்லை.

ஏப்ரலில் சங்கத்தின் பொதுக்கூட்டம். என் விஷயத்தை மிர்யாதான் எழுந்து நின்று எழுப்பினாள். வாக்கெடுப்பு வரை போயிற்று. நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. ஓய்வாவே மறுபடியும் தலைவர். "நல்ல மனுஷன், ஏதோ தவறிப்போச்சு," என்றார்கள். அந்தப் பதினாலு வருடத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், வேறு யாருடைய தகடாவது திருடு போயிருந்தால். அந்த நினைப்பு என்னை இன்னும் கோபமாக்கியது. உறுப்பினர் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே பதினொரு பேர் வந்தார்கள்.

மே மாதம் ஏரியில் பனிக்கட்டி உருகித் தண்ணீர் தெரிந்த வாரம், ஓய்வா எங்கள் வாசலுக்கு வந்தான். காரை அணைக்காமலே இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்றான். இளைத்திருந்தான்.

"கார்ல பேச ஆளே இல்ல தைமி."

"ரேடியோ போட்டுக்கோ."

"அடுத்த தடவ அட்டையில உன் பேரையும் போடச் சொல்றேன். அடியில, சின்ன எழுத்துல."

"மன்னிப்புக் கேக்க வந்தியா, பேரம் பேச வந்தியா?"

"கேட்டா என்ன சொல்லுவ?"

"கேட்டுப் பாரு."

அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு அசைந்தது. இப்போது சொல்லிவிடுவான், சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அவன் பெருமூச்சு விட்டான். காரில் ஏறிப் போய்விட்டான்.

இலையுதிர்காலத்தில் புது அட்டைகள் வந்தன. ஓய்வாவின் முகம் அப்படியே இருந்தது. "கண்டுபிடிப்பு" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானே போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இந்த டிசம்பரில் ஏரி சீக்கிரமே உறைந்தது. மிர்யாவும் என்னோடு சங்கத்தை விட்டு வந்தவர்களும் கரை உள்வாங்கிய பக்கம் உட்காருகிறார்கள். நான் கொஞ்சம் தள்ளி. குளிர் என்றால் அலறுகிற, வாழ்நாளில் ஒரு மீன்கூடப் பிடிக்காத ஆர்வியைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். துளை போடுவது அவன் வேலை. நான் நடந்துபோய்க் குச்சியால் புள்ளி வைப்பேன், அவன் திருகைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான்.

போன சனிக்கிழமை பதினாறாவது துளையில் நிமிர்ந்து நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மீசையில் பனி.

"இன்னும் எத்தன இருக்கு?"

"நாலு."

"தைமி, வேற எவளா இருந்தாலும் இந்நேரம் மன்னிச்சிருப்பா."

"அவளோட போய் மீன் பிடி."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு திருகை அடுத்த புள்ளியில் ஊன்றி, முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தான். நான் அவன் போட்ட துளையில் மிதந்த பனித்தூளைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, நரம்பை இறக்கினேன். எட்டு மீட்டர். தரையில் ஒரு தட்டு. ஒரு சாண் மேலே. கை அசையாமல் நின்றது.